யாரும் கேட்காத ஞாயிறு

7

"கதவைத் தட்டுறேன், தட்டுறேன், திறக்கவே மாட்டேங்குது சார்" என்றாள் ரூட்டா.

பெட்டேலோவின் உதவியாளான அவள் தட்டிக்கொண்டிருந்தது தன் மடிக்கணினியின் விசைகளை. ஆனாலும் பெட்டேலோ எழுந்து போய் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். யாராவது கதவு என்று சொன்னால் கதவைப் பார்த்துவிடுவார். அதனாலேயே பல திருடர்கள் அவரிடம் மாட்டியிருக்கிறார்கள்.

அது படகுப் பந்தயக் குழுவின் அலுவலகம். சமோவாவின் தலைநகர் அபியாவில், கடற்கரைச் சாலையில், தேவாலயத்துக்கு நேர் எதிரே ஒரே ஒரு அறை. வெள்ளிக்கிழமை முற்பகல். மேஜையில் குழுவின் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பனிக்கேக்கே, மாவைப் பொரித்த இனிப்பு உருண்டைகள். தட்டு ரூட்டாவினுடையது.

வழக்கு இதுதான். திங்கட்கிழமை துடுப்பாளர் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது சலேபுவா ஊர்ப் படகின் ஆட்கள் ஒருவர் பெயரும் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள். பெயர்களை மறுபடி சேர்த்துவிட்டார்கள், அது பெரிய காரியமில்லை. அவமானத்தை யார் துடைப்பது? எங்கள் ஊரில் ஒருவனைப் பந்தயப் படகிலிருந்து இறக்கிவிடுவதும் அவன் அப்பாவைக் கன்னத்தில் அறைவதும் ஒன்றுதான்.

பதிவு வேலை பார்க்கும் டெலேசியாதான் அழித்தாள் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அவள் மாட்டாவை ஊர்க்காரி. சலேபுவாவுக்கும் மாட்டாவைக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கடலில் ஆகாது. பழி நின்றுவிட்டால் நாளை விடியலில் அவள் அப்பா ஃபெட்டு, இஃபோங்கா என்ற மன்னிப்புச் சடங்குக்குப் போக வேண்டும். சலேபுவாத் தலைவர் வீட்டு வாசலில் மண்டியிட்டு, குடும்பத்தின் உயர்ந்த பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காதவரை வெயில். சில சமயம் கல்லும் விழும்.

வெளியாள் ஒருவர் வாயால் "ஆமாம், அவள்தான்" என்று இன்று மாலைக்குள் கேட்டுவிட்டால் குழுவுக்கு நிம்மதி. அதற்காகத்தான் பெட்டேலோவை அழைத்திருந்தார்கள்.

"என்ன சொல்லுது?" என்றார் பெட்டேலோ.

"'இணைப்பு மறுக்கப்பட்டது.' மரியாதையாத்தான் சொல்லுது."

"பேரெல்லாம் இருக்குற டேட்டாபேஸ் எங்க இருக்கு?"

"அந்த மேஜை மேல இருக்கே கம்ப்யூட்டர், அதுக்குள்ள."

"அப்புறம் என்ன?"

"அதுக்குள்ளேயே இல்ல சார். அதுக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுது. நிஜமா இல்லாத கம்ப்யூட்டர். வெர்ச்சுவல் மெஷின்னு சொல்வாங்க. டேட்டாபேஸ் அதுக்குள்ள இருக்கு."

பெட்டேலோ சற்று யோசித்தார். "இல்லாத கம்ப்யூட்டர்ல இருந்த பேரு இப்ப இல்லாமப் போச்சு."

"அதேதான்."

"சரி. மேல சொல்லு."

"அது லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும்தான் பதில் சொல்லும் போல. நானும் லோக்கல்ஹோஸ்ட்னுதான் அடிச்சுப் பாக்குறேன். அப்பவும் மாட்டேங்குது."

"யாரு அந்த ஆளு?"

"ஆளு இல்ல சார். 'இந்த மெஷினேதான்'னு அர்த்தம்."

"எந்த மெஷின்?"

"எது சொல்லுதோ அது."

பெட்டேலோ ஒரு பனிக்கேக்கேயை எடுத்தார். ரூட்டா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ அது 'நான்' மாதிரி" என்றார். "நீ 'நான்'னா அது நீ. நான் 'நான்'னா அது நான். உன் மடிக்கணினில உக்காந்து 'நான்'னு கூப்பிட்டா உன் மடிக்கணினிதான் திரும்பிப் பாக்கும். அதுல டேட்டாபேஸ் ஏது? மறுக்காம என்ன செய்யும்?"

ரூட்டா மெல்லுவதை நிறுத்தினாள். "மெயில் திறக்கவே என்னைக் கூப்பிடுற ஆளு சார் நீங்க."

"மெயில் வேற. இது இலக்கணம்."

ரூட்டா எழுந்து போய்க் குழுவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி மரியாதையான மறுப்பு.

"இப்ப யாரு 'நான்'?" என்றார் பெட்டேலோ.

"இந்த வெளிக் கம்ப்யூட்டர். உள்ள இருக்குறவரு வேற ஆளு, ஒரே வீட்டுல இருந்தாலும். இருங்க, வழி ஏதாவது விட்டு வச்சிருப்பாங்க." அமைப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இருக்கு சார். வெளிக் கம்ப்யூட்டர்ல ஒரு வாசல், அதுலேர்ந்து உள்ளே இருக்குறவரோட வாசலுக்கு நேர் வழி. ஆனா வெளிவாசலுக்கு வழக்கமான நம்பர் இல்ல, பக்கத்து நம்பர் போட்டிருக்காங்க. நான் இவ்வளவு நேரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன்."

"கடவுச்சொல்?"

"திரை ஓரத்துல ஒட்டி வச்சிருக்காங்க. திருடனுக்குச் சிரமம் கூடாதுன்னு நல்ல மனசு."

திறந்துகொண்டது. திரையில் ஒரு ஜன்னல். அதன் நெற்றியில் அந்த உள்கம்ப்யூட்டரின் பெயர் 'பாங்கோ' என்று இருந்தது.

"இப்ப முக்கியமான சமாசாரம்" என்றாள் ரூட்டா. "இந்த வழி இந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் திறந்திருக்கு. வீட்டுல உக்காந்தோ தெருவுல நின்னோ ஒருத்தரும் உள்ளே வர முடியாது. அழிச்ச ஆள் இதே நாற்காலில உக்காந்துதான் அழிச்சிருக்கணும். தூணும் கூரையும் மட்டும் இருக்குற, சுவரே இல்லாத வீட்டுல வளர்ந்தவங்க நாம. நமக்குப் போய் இப்படி ஒரு பெட்டி."

"நாற்காலில உக்காரணும்னா அறையைத் திறக்கணும். அறைக்குச் சாவி ரெண்டே ரெண்டு" என்று ஒரு குரல் வந்தது.

குழுவின் செயலாளர் எலியோட்டா, கையில் கொக்கோ கோப்பைகளோடு நின்றார். கஞ்சி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத லவலவா வேட்டி, துக்க வீட்டுக்கு வந்தவர் முகம். கம்ப்யூட்டர் விஷயம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று காலையிலிருந்து கேட்காமலே நாலு தடவை சொல்லியிருந்தார்.

"ஒரு சாவி டெலேசியாகிட்ட. இன்னொண்ணு என்கிட்ட" என்றார். "சனிக்கிழமை பகல்லதான் அழிஞ்சிருக்குன்னு குழுல பாத்துச் சொன்னாங்க. அன்னிக்குக் கடைசி நாள் பதிவுக்காக அவ மட்டும்தான் இங்க இருந்தா. எனக்கு அது ஆராதனை நேரம். எங்க சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள், உங்களுக்கே தெரியும். மொத்தச் சபையும் என்னைப் பாத்துச்சு. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நான் இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கல."

"நான் இன்னும் கேக்கலையே" என்றார் பெட்டேலோ.

"கேப்பீங்களேன்னு சொன்னேன். பாவம், என் பொண்ணு மாதிரி அவ." எலியோட்டா கோப்பைகளை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரூட்டா பதிவுகளைத் துழாவினாள். "அவர் சொன்னது சரி சார். சனிக்கிழமை, பகல் பதினொண்ணேகால். நாற்காலி இது, சாவி அவகிட்ட, ஆளும் அவதான். எனக்கும் பிடிக்கல, ஆனா கணக்கு அப்படித்தான் வருது."

பெட்டேலோ திரையின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஏன் பாங்கோன்னு பேரு?"

"வச்சவங்களைக் கேக்கணும். எங்க மாமா நாய்க்கு வாஷிங்டன்னு பேரு. அது எங்கேயும் போய்ட்டு வரல, கொல்லையத் தாண்டினது கூடக் கிடையாது."

"அதுகிட்ட இன்னிக்கு என்ன கிழமைன்னு கேளு."

"நாய்கிட்டயா?"

"டேட்டாபேஸ்கிட்ட."

ரூட்டா ஒரு வரி அடித்தாள். பதில் வந்ததும் கெக்கலித்துச் சிரித்தாள். "வியாழக்கிழமையாம்! நாம வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சது அதுக்குத் தெரியல. ரிப்பேர்."

"மணி?"

அவள் சொன்னாள். பெட்டேலோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷம் பிசகாமல் அதே மணி.

"ரிப்பேரான கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தும், ஒரு மணி பிந்தும்" என்றார் அவர். "சொல்லிவச்ச மாதிரி முள்ளு எல்லாம் சரியா இருந்து, ஒரு நாள் மட்டும் பிந்துமா?"

ரூட்டாவின் கையில் பாதிப் பனிக்கேக்கே இருந்தது. அதைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். அவள் தின்பண்டத்தை மறந்ததை நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"சார்" என்றாள் மெதுவாக. "எங்க சித்தி பாங்கோல இருக்கா. போன வருஷம் என் பொறந்தநாளுக்கு இங்க கேக் வெட்டிட்டு, மறுநாள் பிளைட் ஏறி அங்க போய் மறுபடி வெட்டினேன். ரெண்டு எடத்துலயும் ஒரே தேதி."

பாங்கோ, கடலுக்கு அப்பால் இருக்கும் அமெரிக்கச் சமோவாவின் துறைமுகம். விமானம் ஏறினால் வாங்கிய காப்பி ஆறுவதற்குள் இறங்கிவிடலாம். இறங்கினால் அங்கே நேற்று. நடுவில் கடலில் நாள்கோடு போகிறது. இரண்டு ஊரிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும். கிழமை மட்டும் அங்கே ஒன்று பின்னால். எங்கள் தீவைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மாற்றிவைத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை முழுசாகக் காணாமல் போனது. அதைப் பற்றிப் பெட்டேலோவிடம் யாரும் புகார் கொடுக்காததால் அவர் தேடவில்லை.

"இது பாங்கோ பந்தயக் குழுலேர்ந்து அப்படியே பிரதி எடுத்துட்டு வந்த மெஷின்" என்றாள் ரூட்டா. "வெளிக் கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமைல இருக்கு. உள்ளே இருக்குறவரு இன்னும் அந்தக் கரையிலேயே உக்காந்திருக்காரு. அப்ப அது எழுதி வச்ச சனிக்கிழமை..."

"உரக்கச் சொல்லாத" என்றார் பெட்டேலோ. "கொக்கோவைக் குடி. கிளம்பலாம்."

மாட்டாவைக்குப் போகும் வழியில் ரூட்டா வாயை மூடவில்லை. "நமக்கு அது ஞாயித்துக்கிழமை சார். ஞாயித்துக்கிழமை பதினொண்ணேகால்! ஆனா சாவி அவகிட்ட ஞாயித்துக்கிழமையும் இருந்திருக்குமே? அவளே வந்து அழிச்சிருக்கலாமே?"

"அதான் போறோம்."

"அந்த மெஷினைப் பாங்கோலேர்ந்து கொண்டு வந்தது யாரு?"

"போன வருஷம் பாங்கோ போய்ட்டு வந்தேன்னு காலைல கொக்கோ போடுறப்ப ஒருத்தர் சொன்னாரு. அங்க கொக்கோ நல்லா இல்லையாம்."

ஃபெட்டுவின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துக் கிடந்தது. துணியைப் போல மெல்லிசாக, ஓரத்தில் சிவப்பு இறகு வைத்துப் பின்னிய பாய். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் வெளியே வருவது. ஃபெட்டு அதன் பக்கத்தில் குந்தி, ஓலை விசிறியை வீசி எறும்பு விரட்டிக்கொண்டிருந்தார். தன் தலைமேல் விழப்போகும் பாயை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டார்.

"பொண்ணு செய்யலைன்னு சொல்றா" என்றார் அவர், நிமிராமல். "நான் நம்புறேன். நான் நம்பி என்ன பண்றது? சலேபுவாக்காரங்க கோபம் எங்கேயாவது இறங்கணும். பசங்க மேல இறங்குறதுக்கு என் மேல இறங்கட்டும்."

டெலேசியா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"சனிக்கிழமை அங்கதான் இருந்தேன் ஐயா" என்று ஆரம்பித்தாள். "எத்தனை பேர்கிட்ட சொல்றது? பதினொரு மணிக்கு ஆளே இல்ல, தனியாத்தான் இருந்தேன். ஆனா நான்..."

"சனிக்கிழமையை விடும்மா" என்றார் பெட்டேலோ. "ஞாயித்துக்கிழமை அதே நேரம் எங்க இருந்த?"

அவள் விழித்தாள். "கோயில்லதான். நான் பாட்டுக்குழுல இருக்கேன். கடற்கரைச் சாலைக் கோயில், ஆபீசுக்கு எதிர்ல."

"பாட்டுக்குழு எந்தப் பக்கம் உக்காரும்?"

"ஜன்னல் பக்கம். பிரசங்கம் நீண்டா தெருவைப் பாப்போம். போதகர்கிட்ட சொல்லிடாதீங்க."

"அன்னிக்குப் பிரசங்கம் நீண்டுச்சா?"

"ரொம்ப."

"தெருவுல என்ன பாத்த?"

"ஞாயித்துக்கிழமை தெருவுல என்ன இருக்கும்? ஊரே உள்ள இருக்கு. ஒரு நாய் போச்சு. அப்புறம் ஆபீஸ் முன்னால செயலாளரோட மஞ்சள் பிக்கப் நின்னுது, கதவுல துடுப்பு வரைஞ்சிருக்குமே, அதான். பக்கத்துல இருந்த அக்கா கூட என் இடுப்புல இடிச்சு, 'சனிக்கிழமை ஆளுங்களுக்கு என்ன, இன்னிக்கு வேலைக்குப் போகலாம்'னு சொன்னாங்க. சிரிச்சுட்டேன். ஒரு சுரம் தப்பிப் போச்சு."

ரூட்டா பெட்டேலோவைப் பார்த்தாள். பெட்டேலோ எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் ஞாயித்துக்கிழமையைக் கேக்கலையே ஐயா" என்றாள் டெலேசியா.

பெட்டேலோ போனை எடுத்து எலியோட்டாவைக் கூப்பிட்டார். முடிவு தெரிந்துவிட்டது, ஃபெட்டு வீட்டுக்கே வந்தால் நேரில் சொல்லிவிடலாம் என்றார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

மஞ்சள் பிக்கப் சீக்கிரமே வந்து நின்றது. எலியோட்டா இறங்கினார். முற்றத்தில் கிடந்த பாயைப் பார்த்ததும் தலையைக் குனிந்து வணங்கினார். நல்ல வளர்ப்பு, அதில் குறை சொல்ல முடியாது.

"உங்க வாக்குமூலத்துல ஒரு சின்னத் திருத்தம்" என்றார் பெட்டேலோ. "சனிக்கிழமை ஆராதனைல இருந்தீங்க. மொத்தச் சபையும் பாத்துச்சு. அதை நான் முழுசா நம்புறேன்."

"நன்றி."

"ஆனா பேரு அழிஞ்சது ஞாயித்துக்கிழமை."

எலியோட்டாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கைதான் லவலவா மடிப்பைப் பிடித்துக்கொண்டது. "ரெக்கார்டுல சனிக்கிழமைன்னு இருக்கே."

"இருக்கு. அந்த மெஷினுக்கு அது சனிக்கிழமை. அது உடம்பை மட்டும்தான் நீங்க பாங்கோலேர்ந்து இங்க கொண்டு வந்தீங்க. அதோட கிழமையை அங்கேயே விட்டுட்டு வந்துட்டீங்க. பத்து நிமிஷம் தப்பினா யாராவது கண்டுபிடிச்சிருப்பாங்க. முழுசா ஒரு நாள் தப்பினா யாருக்கும் சந்தேகம் வராது. உங்களுக்கு மட்டும் அது தெரிஞ்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஊரே கோயில்ல. நீங்க அழிச்சா மெஷின் சனிக்கிழமைன்னு எழுதும். சனிக்கிழமை இந்தப் பொண்ணு தனியா ஆபீஸ்ல. உங்களுக்குக் கடவுளே சாட்சி."

"எனக்குக் கம்ப்யூட்டரே தெரியாது" என்றார் எலியோட்டா. ஐந்தாவது தடவை.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலைன்னு சொன்னீங்க. படுக்கல, உண்மைதான். வண்டியை மட்டும் நிறுத்தியிருக்கீங்க. மொத்தப் பாட்டுக்குழுவும் ஜன்னல் வழியாப் பாத்திருக்கு."

ரூட்டா சேர்த்தாள்: "அதனால ஒரு சுரமும் தப்பியிருக்கு சார். அதை வழக்குல சேக்கணும்."

எலியோட்டா பிக்கப்பின் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தன் வண்டிக் கதவிலிருந்த துடுப்புப் படத்தையே பார்த்தார். அவர் மருமகன், லெபாயா என்ற ஊரின் படகுக்குச் சுக்கான் பிடிக்கிறவன். போன வருடம் சலேபுவாவிடம் மூக்கு நுனி வித்தியாசத்தில் தோற்றான். அது ஊருக்கே தெரியும்.

"அவனை ஒரு தடவை ஜெயிக்க வைக்கணும்னு நினைச்சேன்" என்றார். "இந்தப் பொண்ணு மேல பழி விழும், ரெண்டு நாள் பேசுவாங்க, ஓஞ்சுடும்னு நினைச்சேன். பாய் வரைக்கும் போகும்னு சத்தியமா நினைக்கல."

"நம்ம ஊர்ல எது பாய் வரைக்கும் போகல?" என்றார் பெட்டேலோ.

"இனி எங்க அண்ணன்தான் குனியணும். குடும்பத்துக்குப் பெரியவர் அவர். முட்டில ஆபரேஷன் ஆனவரு. சலேபுவா வாசல்ல ஒரு தடவை, இந்த வாசல்ல ஒரு தடவை." இந்தத் தடவை கண்ணைத் துடைக்க மறந்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. அண்ணன் முட்டி மேல் வந்தது.

பிக்கப் மெதுவாகத் திரும்பிப் போனது. ஃபெட்டு பாயை ஓரம் தட்டி மடிக்க ஆரம்பித்தார். மறுமுனையைப் பிடிக்க டெலேசியா எழுந்து வந்தாள். இரண்டு பேரும் எதிரெதிராக நின்று, நடுவில் வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

"நாளைக்கு அவங்க இங்க வருவாங்க" என்றார் ஃபெட்டு. "அவங்க தலைமேல இருக்குற பாயை எடுக்க வேண்டியது நீ. பழி உன் மேலதானே விழுந்துச்சு."

டெலேசியா பாயின் மடிப்பை நீவினாள்.

"நாலு நாளா எனக்கு ஒரே நினைப்புதான்" என்றார் அவர். "கல்லு விழுந்தாக் கூடப் பரவால்ல, வெயில் ஏறுறதுக்கு முன்னால யாராவது வந்து பாயை எடுத்துடணும்னு. அதனால சொல்றேன். அந்த மனுசனை வெயில்ல விட்டுடாத."

டெலேசியா பாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் விடுவேன்பா" என்றாள்.

ஃபெட்டு யோசித்தார்.

"கொஞ்சம் விடு" என்றார்.